நான்டோமில் எட்டு நாள்: டகாரா ஊரின் நாட்குறிப்பு

முதல் நாள்

கானாவின் தலைநகர் அக்ராவிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு ராத்திரி முழுக்க ஓடி, விடிந்த பிறகுதான் வா வருகிறது. ஆமாம், ஊரின் பெயரே 'வா'. கூப்பிட்டதே என்று அங்கேயே தங்கிவிடலாம்தான். ஆனால் வா என்பது வாலா மக்களின் ஊர். நான் பார்க்க வந்த டகாரா மக்கள் இன்னும் வடக்கே இருக்கிறார்கள். அங்கிருந்து ட்ரோட்ரோ என்று சொல்லும் ஷேர் வேனில் ஏறி, மடியில் ஒருவருடைய கோழியோடு, ஜிராபா, லாரா வழியாக நான்டோம் வந்து இறங்கும்போது மாலை.

நாட்டின் வடமேற்கு மூலை இது. மேற்கே கறுப்பு வோல்டா ஆறு, அக்கரை புர்கினா ஃபாசோ. டகாரா மக்கள் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆற்றை எல்லையாக்கியதால் அண்ணன் ஆங்கிலமும் தம்பி பிரெஞ்சும் படிக்க வேண்டியதாயிற்று. நான் தங்கியிருப்பது ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீட்டில், ஊருக்குச் சற்று வெளியே. களைப்பு. மற்றது நாளைக்கு.

இரண்டாம் நாள்

விடிந்ததும் மொட்டை மாடிக்கு ஏறினேன். படிக்கட்டு கிடையாது. கவையுள்ள ஒரு மரத்தண்டில் வெட்டுகள் போட்டுச் சுவரில் சாய்த்திருக்கிறார்கள், அதுதான் ஏணி. ஆசிரியரின் அம்மா, எண்பதைத் தாண்டியவர், தலையில் கூடையோடு அதில் ஏறுவதைப் பார்த்த பிறகு நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறியதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை.

மேலே நின்று பார்த்தால்தான் ஊரின் அமைப்பு புரிகிறது. தெரு என்று ஒன்று இல்லை. அறுத்த சோளக் கொல்லைகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக மண் வீடுகள், ஒவ்வொன்றும் சிறு கோட்டை மாதிரி. அந்தக் காலத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர் பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்பு பாயும் தூரமாவது தள்ளிக் கட்டுவாராம். இப்போது அம்பு இல்லை, தகரக் கூரைகள் நிறைய வந்துவிட்டன, ஆனால் அந்த இடைவெளி மட்டும் மாறவில்லை. வீட்டுக்கு 'யிர்' என்று பெயர். அதே சொல்தான் அந்த வீட்டு வம்சத்துக்கும். "நீங்கள் எந்த யிர்?" என்றால் எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்பதும் யாருடைய வாரிசு என்று கேட்பதும் ஒன்றாகிவிடுகிறது.

அப்பா வழிக் குலம் ஒரு பக்கம், அம்மா வழிக் குலம் இன்னொரு பக்கம் என்று இரண்டுமே இவர்களுக்கு உண்டு. அக்கரையில் சோமே, டா, ஹியென், கம்பிரே என்று பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் அம்மா வழியில் வந்தவை. ஆசிரியர் இதை மண்ணில் கோடு போட்டு விளக்கினார். மூன்றாவது கோட்டில் நான் தொலைந்துபோனேன்.

மதியம் சாப். சோளமாவையோ கம்புமாவையோ கொதிக்கும் தண்ணீரில் போட்டு, துடுப்பு போன்ற மரக்கரண்டியால் கிண்டிக்கிண்டி இறுக்குவது. நம் களிதான், வேறு பெயர் தேவையில்லை. வெண்டைக்காய்க் குழம்பு தொட்டுக்கொள்ள. குழம்பில் ஒரு வாசனை. முதல் வாயில் முகம் சுளிக்க வைத்து மூன்றாவது வாயில் இன்னும் கேட்க வைக்கிற வாசனை. டாவாடாவா மரத்தின் விதையை வேகவைத்துப் புளிக்கவிட்டு உருண்டையாக்கி வைத்திருக்கிறார்கள். நம்மூரில் கருவாடு செய்கிற வேலையை இங்கே அது செய்கிறது.

முற்றத்தில் மண்ணாலான தானியக் குதிர். வீட்டுத் தலைவர்தான் அதிலிருந்து அளந்து எடுத்துக் கொடுப்பார். நவம்பர் மாதம், அறுவடை முடிந்து குதிர் நிறைந்திருக்கிறது, அதனால் எல்லோரும் சிரித்த முகமாக இருக்கிறார்கள். மழை மே முதல் அக்டோபர் வரைதான். மே மாதம் வந்து பாருங்கள் என்றார் ஆசிரியர். பழைய தானியம் தீர்ந்து புதியது வராத மாதங்கள் இன்னொரு ஊர் போல இருக்குமாம். அந்த மாதங்களை நினைத்துத்தான் இங்கிருந்து இளைஞர்கள் தெற்கே ஒபுவாசி தங்கச் சுரங்கத்துக்கும் டெச்சிமான் பக்கத்து வயல்களுக்கும் போனார்கள், இன்றும் போகிறார்கள்.

மூன்றாம் நாள்

இன்று சந்தை. வாரச் சந்தை என்று எழுதப் போனேன், ஆனால் இங்கே வாரத்துக்கு ஆறு நாள். ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் ஊரின் சந்தை நாள், அப்படியே சுற்றி வரும். ஏழு நாள் வாரம் பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும், ஆறு நாள் வாரம் வயிற்றுக்கு.

சந்தைக்கு டகாரா மொழியில் 'டா'. சோளத்தில் காய்ச்சும் பீருக்கும் 'டா', கொஞ்சம் மூக்கால் சொல்ல வேண்டும். நான் எதைச் சொன்னாலும் இன்னொன்றாகக் கேட்டது. சந்தை எங்கே என்று கேட்டுப் பீட்டோ கடையில் போய் நின்றேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பீட்டோ என்பது அந்தப் பீருக்குக் கானா முழுக்கப் புழங்கும் பெயர். காய்ச்சுவது பெண்கள்தான், விற்கிற காசும் அவர்களுடையது. சோளத்தை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, அரைத்து, கொதிக்கவைத்து, ஒரு ராத்திரி புளிக்கவிட்டு, மறுபடி கொதிக்கவைத்து, கடைசியில் பழைய பீட்டோவின் நொதியைச் சேர்க்கிறார்கள். நாலைந்து நாள் வேலை, அடுப்புப் புகையில். சுரைக்குடுக்கையில் ஊற்றித் தருகிறார்கள். தருகிறவர் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத் தருவார், இதில் விஷமில்லை என்று. வாங்கியவர் முதல் சொட்டுகளை மண்ணில் சிந்துவார், முன்னோருக்கு.

நான் இடது கையால் வாங்கினேன். வலது கையில் போன். சுற்றியிருந்தவர்கள் சட்டென்று அமைதியானார்கள். நம்மிடமும் இதே வழக்கம் இருந்தும், வெளிநாட்டில் வேலை பார்த்துப் பார்த்து எனக்குக் கை மரத்துவிட்டது போல. காய்ச்சிய அம்மா குடுக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என் போனைப் பிடுங்கித் தன் மடியில் வைத்து, மறுபடி நீட்டினார். வலது கையால் வாங்கினேன். "பர்கா" என்றேன், நன்றி. அதன் பிறகு எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

நாலாம் நாள்

இந்தப் பயணத்துக்கே காரணமான மனிதரை இன்றைக்குப் பார்த்தேன். ஜில் செய்பவர். ஜில் என்றால் டகாரா மக்களின் மரக்கட்டை இசைக்கருவி. பதினான்கு கட்டைகள், வளைந்த சட்டத்தில் தோல் வாரால் கட்டியவை. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு சுரைக்குடுக்கை தொங்குகிறது, சின்னக் கட்டைக்குச் சின்னது, பெரிய கட்டைக்குப் பெரியது. ஐந்து சுரம்தான். ஆனால் அது நம் காதில் இருக்கிற ஐந்து சுரத்தில் சரியாக உட்காராது. மோகனம் என்று பிடிக்கப் போனால் நழுவுகிறது. சரி, பிடிக்காமல் விட்டுவிட்டேன்.

குடுக்கைகளில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, அவற்றின் மேல் சிலந்தியின் முட்டைக் கூட்டிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வை ஒட்டுகிறார்கள். கட்டையைத் தட்டும்போது அது அதிர்ந்து 'ஞ்ஞ்ஞ்' என்று ஒரு ரீங்காரம் கிளம்புகிறது. முதலில் கேட்கும்போது கருவி பழுது போலிருக்கிறது என்றுதான் தோன்றும். அந்த ரீங்காரம் இல்லாவிட்டால் ஜில் ஊமை என்றார் அவர். இப்போது பலர் பிளாஸ்டிக் தாளை ஒட்டுகிறார்கள். இவரும் ஒட்டுகிறார், சிலந்திக் கூடு கிடைக்காத நாட்களில். பழைய சுவர்களின் மூலைகளைத் தேடிப்போய் எடுக்க வேண்டும். சிமென்ட் வீடுகள் வரவர அந்த மூலைகள் குறைகின்றன.

மரம்தான் பெரிய தலைவலி. லிகா என்று சொல்லும் ஒரு வகை ரோஸ்வுட், நின்றபடியே பட்டுப்போன மரமாக இருந்தால் உத்தமம். வெட்டி, செதுக்கி, நெருப்புப் புகையில் நாள்கணக்கில் வாட்ட வேண்டும். இதே மரத்தை மேசை நாற்காலிக்காகக் கண்டெய்னர் கண்டெய்னராக சீனாவுக்கு ஏற்றியதில் காடு மொட்டையாகி, 2019ல் கானா அரசு வெட்டவும் ஏற்றுமதி செய்யவும் தடை போட்டது. வருடத்துக்கு நாலு ஜில் செய்கிறவர், தன் மரத்தை மற்றவர்கள் தின்றுவிட்டார்கள் என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், கை பாட்டுக்குச் செதுக்கிக்கொண்டிருந்தது.

கூடவே வாசிக்கும் கூஓர் என்ற சுரைக்குடுக்கை மேளத்தையும் காட்டினார். தோல் உடும்புடையது. கஞ்சிராவும் உடும்புத் தோல்தான் என்று சொன்னேன். படம் காட்டச் சொன்னார், போனில் காட்டினேன். இவ்வளவு சின்னதா என்று சிரித்தார்.

ராத்திரி பத்து மணி இருக்கும். முற்றத்தில் எல்லோரும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். தூரத்தில் ஜில் சத்தம். அவர்தான் செய்ததை வாசித்துப் பார்க்கிறார் என்று நினைத்து, நன்றாக இருக்கிறதே என்று போனில் பதிவு செய்ய எழுந்தேன். ஆசிரியரின் அம்மா கடலையைக் கீழே வைத்துவிட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஒரே வார்த்தை சொன்னார். ஆசிரியர் எனக்கு மொழிபெயர்த்தார்: "பெண்."

போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஐந்தாம் நாள்

அழைக்காத சாவு வீட்டுக்குப் போகலாமா என்று காலையில் தயங்கினேன். "சாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஜில்தான் நேற்றே அழைத்துவிட்டதே" என்றார் ஆசிரியர். அதைத் தட்டும் முறையிலேயே சாவு என்பதும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை வைத்து எந்த யிர் என்று கணக்குப் போடுவார்கள். அதற்குப் பிறகு சொல்லியனுப்ப என்ன இருக்கிறது?

ஒரு மரத்தடியில் கம்புகளால் உயரமான ஒரு மேடை. 'பாலா' என்கிறார்கள். அதில் இறந்துபோன மூதாட்டி உட்கார்ந்திருந்தார். படுத்திருக்கவில்லை, உட்கார்ந்திருந்தார், நல்ல துணி உடுத்தி, தலைத்துணி கட்டி, வந்தவர்களையெல்லாம் பார்ப்பது போல. சுற்றிலும் வண்ணத் துணிகள் தொங்கின. ஆணாக இருந்தால் வில்லும் அம்பறாத் தூணியும் வைப்பார்களாம். இப்போது பல கிறிஸ்தவக் குடும்பங்கள் சவப்பெட்டிக்கு மாறிவிட்டன. இந்தப் பாட்டி தன்னை உட்காரவைக்க வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தாராம். கழுத்தில் ஜெபமாலையும் இருந்தது.

எதிரே இரண்டு ஜில், ஒரு கூஓர். வாசிப்பவர்கள் களைத்தால் அடுத்தவர் வந்து உட்கார்ந்து, தட்டு ஒன்றுகூட விடுபடாமல் கோலை வாங்கிக்கொள்கிறார். பக்கத்தில் பாடுகிறவர். ஒப்பாரிதான், ஆனால் இங்கே ஆண் பாடுகிறார். குலத்தின் கதையைச் சொல்கிறார், இறந்தவர் பட்ட பாட்டைச் சொல்கிறார், நடுவே கூட்டத்தில் நிற்கிற ஒருவரின் கஞ்சத்தனத்தையும் இழுத்துவிடுகிறார். அந்த ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்து காசு போடுகிறார். நானும் போட்டேன். அந்தக் காலத்தில் சோழி போடுவார்கள். இன்றும் சில சோழிகள் மண்ணில் கிடந்ததைப் பார்த்தேன்.

துக்கம் இங்கே மறைத்து வைக்கிற விஷயமில்லை. மகன், ஐம்பது வயது இருக்கும், கைகளைத் தூக்கிக்கொண்டு மேடையை நோக்கி ஓடினார். பாதி தூரத்தில் திரும்பி வேறு பக்கம் ஓடினார். அவர் இடுப்பில் ஒரு துணி, அதன் நுனியைப் பிடித்தபடி இன்னொருவர் பின்னாலேயே ஓடினார், ஒரு வார்த்தை பேசாமல். அன்று முழுக்க அவருக்கு அதுதான் வேலை. துக்கத்தில் தன்னையே ஏதாவது செய்துகொண்டுவிடக் கூடாது என்பதற்காக. முன்பு அதற்கும் ஒரு கணக்கு இருந்தது: மிக நெருங்கியவர்களுக்குத் தோல் கயிறு, அடுத்த வட்டத்துக்கு நார்க் கயிறு, அதற்கும் அடுத்து வெறும் நூல். கயிற்றைப் பார்த்தே யாருக்கு எவ்வளவு வலி என்று ஊர் தெரிந்துகொள்ளும். அந்த மகனைவிட, துணியைப் பிடித்துக்கொண்டு ஓடியவரைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் ஒரு கூத்து. கிழக்கேயிருந்து வந்த ஃப்ராஃப்ரா இனத்துக்காரர் ஒருவர் மேடைக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டார். காசு தராமல் பிணத்தை எடுக்க விடமாட்டேன் என்றார். டகாராக்களுக்கு ஒன்றும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது, அழக்கூடத் தெரியாது என்று திட்டினார். எனக்குப் பகீரென்றது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், மகன் உட்பட. இரண்டு இனத்துக்கும் மாமன் மச்சான் கேலி போல ஓர் உறவு காலங்காலமாக உண்டு. சாவு வீட்டில் அந்தக் கேலி உரிமையே கடமையாகிவிடுகிறது. பேரம் பேசி, கொஞ்சம் காசும் ஒரு குடுக்கை பீட்டோவும் கொடுத்து எழுப்பினார்கள். எழுந்ததும் அவர் போய் மகனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

பெண்ணுக்கு எண் நாலு, ஆணுக்கு மூன்று. சடங்குகளில் எதைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் இந்தக் கணக்குதான். சாயங்காலம் நாங்கள் கிளம்பியபோதும் ஜில் நிற்கவில்லை.

ஆறாம் நாள்

காற்று மாறிவிட்டது. ஹர்மட்டான், சகாராவிலிருந்து வரும் தூசிக் காற்று. உதடு வெடிக்கிறது. ஷியா மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெயைத் தடவிக்கொள்ளச் சொன்னார் பாட்டி, அதாவது ஆசிரியரின் அம்மா. அக்ரா கடைகளில் சின்ன டப்பியில் என்ன விலை விற்கிறார்கள் என்று சொன்னேன், நம்பவில்லை.

வெளியே போகாமல் ஆசிரியரோடு பேசிக்கொண்டே இருந்தேன். அவர் கத்தோலிக்கர், அவருடைய அண்ணன் இல்லை. "எங்கள் மதம் எது என்று கேட்டால் முதலில் காலடியைக் காட்டுவேன்" என்றார். மண்தான் பெரிய தெய்வம். 'டெங்கன்' என்பது அந்த மண்ணின் கோவில். பெரும்பாலும் ஒரு மரமும் சில கற்களும், அவ்வளவுதான். அதற்குப் பொறுப்பானவர் டெங்கன்சோப். புது வீட்டுக்கு மண்ணைத் தொட அவரிடம் கேட்க வேண்டும். சண்டையில் மனித ரத்தம் மண்ணில் விழுந்தால் அது மண்ணுக்குச் செய்த குற்றம், அவர் வந்து பரிகாரம் செய்ய வேண்டும். வழி தவறி வந்த ஆடு மாடும் அவரிடம்தான் போய்ச் சேரும், உரியவர் தெரியாதது எல்லாம் மண்ணுடையது என்பதால். அரசர், தலைவர் என்று யாரும் இவர்களுக்கு இருந்ததில்லை. ஆங்கிலேயர் வந்து ஆட்சி நடத்த ஆள் வேண்டும் என்று ஊர்த் தலைவர்களை உருவாக்கினார்கள். டெங்கன்சோப்பை உருவாக்க அவர்களால் முடியவில்லை.

வானத்துக்கு மேலே நாங்மின், படைத்த கடவுள். அவருக்குப் பலிபீடம் கிடையாது. ரொம்ப தூரத்தில் இருப்பவரிடம் கோழியைக் கொண்டுபோய் என்ன செய்வது? அன்றாடக் காரியங்களுக்கு முன்னோர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளை விட்டுச் செத்த ஒருவருக்காக ஒரு மரக்கவையைச் செதுக்கி வீட்டுக்குள் சாய்த்து வைக்கிறார்கள். அண்ணன் வீட்டில் பார்த்தேன், ஒரு மூலையில் ஏழெட்டு கவைகள், கோழி ரத்தமும் இறகும் காய்ந்து ஒட்டியிருந்தன. படம் எடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. காட்டில் கொன்டோமே என்னும் குட்டி ஆவிகள் வேறு உண்டு.

பக்ரே என்ற தீட்சைச் சடங்கில் மணிக்கணக்காக ஓதும் ஒரு நெடும்பாட்டு இருக்கிறது. சோறாக்க, பீர் காய்ச்ச, இரும்பு உருக்க மனிதனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், கடவுளா காட்டு ஆவிகளா என்று அதில் வழக்கே நடக்கும். ஜாக் குடி என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் 1950 வாக்கில் பிரிஃபு என்ற ஊரில் அதை முழுவதுமாக எழுதி எடுத்தார். பிறகு வந்து மறுபடி பதிவு செய்தபோது பாட்டு மாறியிருந்தது, ஓதுகிறவர்களோ இது அதே பாட்டுதான் என்றார்கள். தெருக்கூத்து பார்த்து வளர்ந்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது.

ஏழாம் நாள்

ஞாயிறு. நான்டோமின் கல் கோவில், பசிலிக்கா அந்தஸ்து பெற்றது. அரை மணி நேரம் முன்னாலேயே போயும் நிற்கத்தான் இடம்.

வெள்ளைப் பாதிரிகள் என்ற சபையினர் 1929 நவம்பரில் ஜிராபாவில் வந்து இறங்கினார்கள். தலைவர் மெக்காய் என்ற கனடாக்காரர். மருந்து கொடுத்தார்கள், கொஞ்சம் பேர் வந்தார்கள். 1932ல் மழை பொய்த்தது. டெங்கனில் கேட்டுப் பார்த்தும் பெய்யாமல், ஒவ்வோர் ஊராரும் பாதிரிகளிடம் ஆள் அனுப்பி உங்கள் கடவுளிடம் கேளுங்கள் என்றார்கள். பாதிரியார் ஜெபித்தார், கேட்டுப் போனவர்களின் ஊர்களில் மழை பெய்தது. அப்படித்தான் கதை. அதன் பிறகு ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். கடவுளுக்குப் பாதிரியார்கள் வைத்த பெயரும் நாங்மின்தான். நேற்று தூரத்தில் இருந்தவருக்கு இன்று பீடம் கிடைத்துவிட்டது.

ஆனால் ஜில்லை அவர்கள் உள்ளே விடவில்லை. சாவுக் கருவி, சடங்குக் கருவி. அதைப் பூசைக்குள் கொண்டுவந்ததில் பெரும் பங்கு பீட்டர் போரெகு டெரிக்கு. பக்கத்தில் 'கோ' என்ற ஊரில் பிறந்தவர், 1951ல் குருவானார், 1960ல் வா நகர ஆயர், 2006ல் கர்தினால். டெரி என்பது செத்துத் திரும்பப் பிறந்த பிள்ளைக்கு இவர்கள் வைக்கும் பெயர் என்றார் ஆசிரியர்.

காணிக்கைப் பாட்டில் ஜில் தொடங்கியதும் கோவிலே இடுப்பை அசைத்தது. கண்ணை மூடிக் கேட்டேன். வாசித்தவர் முந்தாநாள் சாவு வீட்டில் கோலை வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர். இங்கே வேறு மெட்டு, வேறு வேகம், அதே ரீங்காரம். பூசை முடிந்ததும் அவரிடம் போய், அந்தச் சாவு மெட்டை ஒரு முறை வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். சும்மா வாசிக்க முடியாது என்றார். நான் அதைக் கலைஞர்களின் பிகு என்று எடுத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள்

வண்டி பதினொரு மணிக்கு. பை கட்டியாகிவிட்டது. முற்றத்தில் ஆசிரியரின் பேரன் பழகுகிற பழைய ஜில் ஒன்று கிடந்தது. இரண்டு கட்டைகள் இல்லை, குடுக்கையில் பிஸ்கட் உறை ஒட்டியிருந்தது. மூன்று நாளாகக் காதில் ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு வரியைத் தட்டிப் பார்த்தேன். ஏழெட்டுத் தட்டு. தப்பாக வந்தது, மறுபடி தட்டினேன். நாலாவது முறை கிட்டத்தட்ட வந்துவிட்டது.

பாட்டி உள்ளேயிருந்து கத்திக்கொண்டே வெளியே வந்து கோலைப் பிடுங்கினார். என்ன என்று நான் கேட்பதற்குள், சோளக் கொல்லைக்கு அப்பாலிருந்து ஒரு பெண்மணி தலைத்துணியைக் கட்டிக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். வந்து நின்று, மூச்சு வாங்க, யார் என்று கேட்டார். ஆசிரியர் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு ஓடிவந்து, யாருமில்லை, யாருமில்லை என்று என்னைக் கை காட்டினார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், ஜில்லைப் பார்த்தார், மரக்கட்டையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏதோ சொன்னார். பாட்டியும் சிரித்தார். ஆசிரியர் மொழிபெயர்க்கக் கொஞ்சம் யோசித்தார்.

"தாளம் போன போக்கைப் பார்த்து, செத்தது நம் ஊர் ஆளாக இருக்காது என்று நினைத்தாராம்."

அவ்வளவு தூரம் ஓடி வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? பாட்டி நேற்றைய மிச்ச பீட்டோவை எடுத்துவந்து, தான் ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினார். அந்த அம்மா மண்ணில் சில சொட்டு சிந்திவிட்டுக் குடித்தார். எனக்கும் ஒரு குடுக்கை வந்தது. வலது கையால் வாங்கினேன்.

வண்டி பன்னிரண்டரைக்குத்தான் வந்தது.